ராகு காலம் பார்த்துப் படம் போடும் ப்ரோகிராம்

என் அத்தையின் பட்டுக் கடைக்காக நான் எழுதிய ப்ரோகிராமில், கிளவுடிலிருந்து படத்தை எடுத்து எங்கள் சோஷியல் மீடியா பக்கத்தில் போடுவதற்கு நாற்பது வரிகள் போதுமானதாக இருந்தன. எந்த நேரத்தில் போடக் கூடாது என்பதற்கு நூற்றுப் பத்து வரிகள் தேவைப்பட்டன.

எழுத ஆரம்பித்த காரணம் சுயநலம். நான் ஆரணியில் வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். அத்தை, அப்பாவின் அக்கா, இருபது வருடம் ஊரின் பெரிய கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டிவிட்டு, போன வருடம் ஒற்றை ஷட்டர் வைத்த சொந்தக் கடையைத் திறந்தாள். சேலையைப் படம் எடுப்பது அவள் வேலை, அதைப் பக்கத்தில் ஏற்றுவது என் வேலை என்று என்னைக் கேட்காமலே பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை கூப்பிடுவாள். ஒரு முறை மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். "கண்ணு, அரக்க ஏத்திட்டியா? மயில் கழுத்து இன்னும் அப்பிடியே நிக்குது பாரு, ஜல்தியா ஏத்து" என்றாள். புனேயில் இருந்த என் மேலாளர், அரக்கு எந்தக் குழுவின் வேலை, மயில் கழுத்து என்பது ஏன் தன் பட்டியலில் இல்லை என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அன்று மாலையே உட்கார்ந்துவிட்டேன்.

கிளவுடில் இரண்டு ஃபோல்டர்கள் வைத்தேன். ஒன்றின் பெயர் 'போடலாம்'. இன்னொன்று 'போடக்கூடாது'. சேலையின் உடலும் பார்டரும் தெரியும் படங்கள் முதலாவதில் விழும். முந்தியை முழுதாக விரித்து எடுத்தவை இரண்டாவதில். ஒரு டிசைனின் உயிர் முந்தியில் இருக்கிறது. அதை முழுதாகக் காட்டினால் சீக்கிரமே வேறொருவர் தறியில் அது ஓடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் பக்கத்தைத் தொடர்கிறவர்களை ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் கொஞ்சம், அத்தையின் பழைய வாடிக்கையாளர்கள் கொஞ்சம், மீதி அத்தனை பேரும் ஆரணிப் பட்டு வியாபாரிகள். அத்தையும் அவர்கள் எல்லோரையும் தொடர்ந்தாள். ஊரே ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சேலை வாங்குகிற ஆள் யாரும் நடுவில் வந்து தொந்தரவு செய்யவில்லை.

படத்துக்கு வைக்கும் பெயரே பதிவின் வாசகமாகும்படி செய்திருந்தேன். அத்தை தட்டச்சு செய்ய மாட்டாள். கைபேசியிடம் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும். சோதனைக்காக ஓடவிட்ட முதல் பதிவு, "வெங்காயத் தோல் கலரு பச்ச பார்டரு யாரு ஃபேன நிறுத்துனது கரண்டு போச்சா" என்று வெளியானது. நான் திருத்துவதற்குள் போளூரிலிருந்து ஒருவர் அந்தக் கரண்டு போன சேலை இருக்கிறதா என்று கேட்டு, வாங்கியும்விட்டார். அதன் பிறகு வாசகம் விஷயத்தில் அத்தை என் ஆலோசனை எதையும் ஏற்கவில்லை.

பிறகு விதிகள் வந்தன. எதையும் பட்டியலாக எழுதிவைப்பது என் பழக்கம். அவள் சொல்லச் சொல்ல எண் போட்டேன். ஒன்று, ராகு காலத்தில் படம் போகக் கூடாது. இரண்டு, எமகண்டத்தில் கூடாது. மூன்று, அஷ்டமி நவமியில் புதுச் சேலை கூடாது. ஏற்கனவே போட்ட சேலை என்றால் பரவாயில்லை. நான்கு, செவ்வாய்க்கிழமையில் கறுப்பு அடிக்கும் நீலம் கூடாது.

"எவ்ளோ கறுப்பு அடிச்சா கறுப்பு, அத்தை? ஒரு அளவு சொன்னாத்தான் எழுத முடியும்."

"பாத்தா தெரியும்."

நான்காவது விதியைச் சேர்க்கவே இல்லை என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாவது விதிதான் என்னைப் படுத்தியெடுத்தது. காலையில் முதல் வியாபாரம், அதாவது போணி, ராசியான கையால் நடக்க வேண்டும் என்பது எல்லாக் கடைகளிலும் உள்ளதுதான். அத்தை அதைப் பக்கத்துக்கும் நீட்டினாள். அவள் கணக்கில் முதல் லைக் போடுகிறவர்தான் போணி. கடை திறந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு யாரு போணி?" என்பாள். பெரும்பாலான நாட்களில் எதிர்க்கடைக்காரம்மாதான். எங்கள் கடைக்கு நேர் எதிரே மூன்று ஷட்டர் வைத்த பட்டுக் கடை அவருடையது. எந்நேரமும் கைபேசி கையில் இருக்கும். நாங்கள் படம் போட்ட நிமிடத்தில் அவருடைய இதயம் வந்து விழும்.

"நல்ல மனுசிதான். கைதான் சரியில்ல. அவ கை பட்டுச்சுன்னா அன்னிக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"பிளாக் பண்ணிடலாமா?"

"ஐயய்ய, அப்புறம் அவ இன்னா போடறான்னு நாம எப்டி பாக்கறது?"

ஆகவே அவரை முந்திக்கொள்ளும் ராசியான கை ஒன்று தேவைப்பட்டது. குடும்பத்தில் அலசி, பெரியப்பாவின் மகளைத் தேர்ந்தெடுத்தோம். அக்காவுக்குச் செய்யாரில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை. விடியும்போதே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். கேட்டில் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அவள் சீட் பிடித்த பிறகு, கேட் வருவதற்கு முன்பு படம் போக வேண்டும். காலை ஆறு பத்து என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை மட்டும் அந்த நேரம் எமகண்டம் என்பதால் விடுமுறை. ஒரு பட்டுக் கடையின் விளம்பரம் செருப்புக் கம்பெனி பஸ்ஸின் நேரத்துக்கு ஓடியது. அக்காவுக்குத்தான் எரிச்சல். "மனுசி தூங்கறதே அந்த பஸ்ஸுலதான். அதுலயும் ஒரு டியூட்டி குடுத்துட்டீங்களேடி" என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வாத்து வந்தது.

இருபது வருடம் மற்றவர்களின் டிசைனை விரித்துக் காட்டிய அத்தை, இந்தத் தை மாதத்துக்காக முதல்முறையாகத் தானே ஒன்றைப் போட்டாள். கட்டம் போட்ட நோட்டில் ஒரு மாதம் அழித்து அழித்து வரைந்தாள். அறுப்பு முடிந்த வயலில் வரிசையாகப் போகும் வாத்துகள், முந்தி முழுக்க. பார்த்தவர்கள் எல்லோரும் அன்னம் என்றார்கள். அன்னம் என்றே சொல்லி விற்றுவிடலாம் என்று யோசனையும் சொன்னார்கள்.

"அன்னத்த எவன் பாத்தான்? நான் பாத்தது வாத்து" என்றாள் அத்தை.

சந்தவாசல் பக்கம் இருக்கும் எங்கள் நெசவாளருக்கும் சம்மதமில்லை. "வாத்த கட்டிகினு எந்தப் பொண்ணு மணையில உக்காரும்க்கா?" என்று கேட்டவர், ஒரே ஒரு பாவுக்கு ஒத்துக்கொண்டார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள். ஒரு பாவில் மூன்று சேலை வரும். மூன்றும் புதன்கிழமை சாயங்காலம் நெய்து வந்துவிட்டன. திங்கட்கிழமை காலையில் அவர் அடுத்த பாவை ஏற்ற வேண்டும். "அதுக்குள்ள மூணும் போயிடுச்சின்னா மறுபடி வாத்து. இல்லன்னா வேற கடையோட மாங்கா டிசைன் காத்துகினு கீது. வாத்து அட்டைய கழட்டிடுவேன்" என்றார். தறிக்கு டிசைனைச் சொல்லிக்கொடுப்பது துளை போட்ட அட்டைகள்தான். கழற்றினால் அவர் மறுபடி மாட்டப் போவதில்லை என்று அத்தைக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவள் சாப்பிடும்போதுகூட அந்த மூன்று சேலைகளைப் பற்றியே பேசினாள்.

சனிக்கிழமை அஷ்டமி. ஞாயிற்றுக்கிழமை நவமி. மிஞ்சியது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

அதுவரை ப்ரோகிராம் என் மடிக்கணினியில் ஓடியது. வாத்து விஷயத்தில் எந்த ஆபத்தும் வேண்டாம் என்று, வியாழக்கிழமை மாலை அதை வாடகைக்கு எடுத்த ஒரு சர்வருக்கு மாற்றினேன். சரிபார்ப்புப் பட்டியலில் ஒன்பது அம்சங்கள். ஒன்பதுக்கும் டிக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பத்தாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை: அந்தச் சர்வரின் கடிகாரம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது?

ஏழரைக்கு எழுந்தபோது அக்காவின் ஆறு மிஸ்டு காலும் ஒரு குரல் செய்தியும் இருந்தன. "இன்னாடி, வாத்தையும் காணோம், ஒண்ணியும் காணோம். தூங்காம வெரல நீட்டிகினு உக்காந்துகினு கீறேன். பக்கத்து சீட்டு அக்கா ஏதாவது வேண்டுதலான்னு கேக்குது. தோ, கேட்டு வந்துடுச்சு, போன குடுக்கப் போறேன். இனிமே சாயங்காலம்தான்."

அத்தையிடம் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "நாலரை வரைக்கும் எமகண்டம். அவ அதுக்குள்ள பஸ்ஸு ஏறிடுவா. நாலே முக்காலுக்கு நீ கையாலயே போட்டுடு. மிஷினு வேணாம்." சர்வருக்கு ஃபோல்டரைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை போல என்று நானாக முடிவு செய்து, அதை மறுபடி கொடுத்துவைத்தேன். ஆறு பத்துக்கான கட்டளையை நிறுத்தவில்லை. நேரம் போய்விட்ட கட்டளை இனி என்ன செய்யும் என்று நினைத்தேன். பத்தரை மணி மீட்டிங்கை முடித்துக்கொண்டு, சேலைகளை அடுக்க உதவலாம் என்று கடைக்குப் போனேன்.

பதினொன்று நாற்பதுக்கு என் கைபேசி துடித்தது. 'பதிவு வெளியானது.'

நமக்குப் பதினொன்று நாற்பது என்றால் அந்தச் சர்வருக்கு ஆறு பத்து; ராகு காலத்தைத் தடுக்கும் வரிகளும் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்க்கும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வதற்குள் இரண்டாவது துடிப்பு வந்தது. முதல் லைக். நிமிர்ந்து தெருவைப் பார்த்தேன். எதிர்க்கடையின் கல்லாவில் இருந்து அந்த அம்மா என்னைப் பார்த்து அன்பாகக் கையசைத்தார்.

அப்போது எனக்கு மூன்று வழிகள் இருந்தன. பதிவை அழிப்பது. அத்தையிடம் சொல்வது. வந்தவாசிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுவது. போட்டதை எடுத்தால் அது இன்னும் அபசகுனம் என்பது ஆறாவது விதி. பஸ்ஸுக்குக் கையில் பை இல்லை. சொன்னேன்.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"இப்பவா?"

"இப்பதான்."

"போணி?"

நான் கண்ணால் தெருவைக் காட்டினேன்.

"அடக் கடவுளே. ரெண்டுமா?"

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. எதிர்க்கடைக்காரம்மா தன் மூன்று ஷட்டரையும் விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, வந்த ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்திவிட்டுத் தெருவைக் கடந்து எங்கள் கடைக்குள் வந்தார்.

"இன்னாக்கா, இப்ப ஒண்ணு போட்டீங்களே. மடிப்பு ஓரத்துல ஏதோ பறவை மூஞ்சி எட்டிப் பாக்குதே, அந்தச் சேலை. பெங்களூர்ல எம் பொண்ணு அத பாத்துட்டு, வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது."

பதிவு வெளியாகி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒற்றைக் காலைத் தூக்குவதற்கே அந்தப் பெண்ணுக்கு நேரம் போதாது.

"உக்காரும்மா. டீ சொல்றேன்" என்றாள் அத்தை.

அவள் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் புரிந்தது. ராகு காலத்தில் சேலையை விரிக்க மாட்டாள். காலையிலிருந்து கடையில் வியாபாரம் ஆகவில்லை. போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மாட்டாள். ஆகவே பன்னிரண்டு வரை ஓட்ட வேண்டும். புரியாதது எதிர்க்கடைக்காரம்மாவின் பொறுமைதான். ஒற்றைக் காலில் நிற்கும் மகளுக்காக ஓடி வந்தவர், "எடுங்கக்கா" என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார். அத்தை கடிகாரத்தைப் பார்க்காத நேரத்தில் அவர் பார்த்தார். அவர் பார்க்காத நேரத்தில் அத்தை பார்த்தாள். அவரும் ராகு காலத்தில் பணத்தை நீட்ட மாட்டார். வேறு யாரும் வாங்கிவிடாமல் பிடித்துவைக்கத்தான் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கால் மணி நேரத்தில் பேசப்பட்டவை: முழங்கால் வலி. அதற்குத் தடவும் தைலம். அந்தத் தைலத்தால் ஒரு சேலையில் விழுந்த கறை. என் கல்யாணம். ஜரிகை விலை. மறுபடி என் கல்யாணம்.

"வூட்லயே உக்காந்துகினு கம்ப்யூட்டர் பாக்குற மாப்ள இருக்காரு பாப்பா. செய்யார்ல. சொல்லட்டுமா?"

"ரெண்டு பேரும் வூட்லயே உக்காந்திருந்தா கதவ யாரும்மா திறக்கறது?" என்றாள் அத்தை.

கடிகாரம் பன்னிரண்டைக் காட்டியது. அத்தை எழுந்தாள்.

"உங்க கடியாரம் அஞ்சு நிமிசம் ஃபாஸ்ட்டுக்கா" என்றார் எதிர்க்கடைக்காரம்மா. "நான்தான் டெய்லி அங்கேருந்து பாத்துகினு கீறேனே."

அத்தை மறுபடி உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மீதி ஐந்து நிமிடம் மறைக்க எதுவும் இல்லாததால் பேசவும் எதுவும் இல்லை. மூன்று பேரும் என் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு ஒன்றுக்கு அத்தை சேலையை எடுத்தாள். பாக்கு நிறம், அரக்கு பார்டர். முந்தியை உதறி விரித்தாள். மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வாத்துகள் நடந்தன.

"இன்னாக்கா இது, அன்னமா?"

"வாத்து."

"வாத்தா!" அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். குனிந்தார். ஒரு வாத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு முந்தியைப் புரட்டி, பின்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, இழை எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று பார்த்தார். மறுபடி முன்பக்கம். மறுபடி பின்பக்கம். சேலை கட்டப் போகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். நெய்யப் போகிறவர்கள்தான் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

நான் அத்தையின் முழங்கையை இடித்தேன். அவள் அசையவில்லை. முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. இருபது வருடமாக எத்தனையோ பேர் எத்தனையோ முந்திகளைப் புரட்டுவதைப் பார்த்தவள். அவள் வரைந்த ஒன்றை ஒருவர் புரட்டுவது இதுதான் முதல் தடவை.

"எடுத்துக்கறேன்" என்றார் எதிர்க்கடைக்காரம்மா. "உங்க கடைப் பை வேணாம்க்கா. நான் இங்க எடுத்தேன்னு தெரிஞ்சா எங்க வூட்ல பேஜாரு." இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் பையை உருவி, சேலையை அதற்குள் வைத்து, மேலே எங்கள் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகினார். நேர் எதிரே இருக்கும் கடைக்கு நேராகப் போகவில்லை. இடது பக்கம் திரும்பி, கோயில் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து வலது பக்கத்திலிருந்து தன் கடைக்குள் நுழைந்தார்.

"அத்தை, அவங்க அத அப்பிடியே நெய்யப் போறாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடுத்த?"

"போணிக்கு வந்தவள இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அது இருக்கட்டும். அந்த மிஷினு ஏன் அந்த நேரத்துல போட்டுச்சு?"

சர்வரின் கடிகாரம் ஓடுவது நம் நேரத்தில் இல்லை, அது லண்டன் நேரம் மாதிரி என்று விளக்கினேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

"அப்ப அங்க மணி இன்னா?"

"காலையில ஆறு பத்து."

"லண்டன்ல ராகு காலம் எப்ப?"

"தெரியல அத்தை."

"சூரியன் அங்க லேட்டாத்தான வரும்?" கொஞ்சம் யோசித்தாள். "ஆறு பத்துக்குன்னா இன்னும் பொழுதே விடிஞ்சிருக்காது. ராகு காலம் எங்கேருந்து வரும்? அவ்ளோ மோசமில்ல, போ."

பிறகு மிச்சமிருந்த இரண்டு வாத்துச் சேலைகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். எதிர்க்கடை வாசலில் திருஷ்டிக்காகத் தொங்கவிட்ட பொம்மைக்குப் பின்னால், அந்த அம்மா யாரிடமோ கைபேசியில் பேசுவது தெரிந்தது.

"அவ அட்டை அடிச்சு, பாவு ஏத்தி, சேலையா எடுக்க எத்தினி நாள் ஆவும்? ரெண்டு வாரமாவது ஆவாதா?" என்று அத்தை தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கைபேசியை எடுத்தாள். 'போடக்கூடாது' ஃபோல்டரைத் திறந்தாள். வாத்து முந்தியை முழுதாக விரித்து எடுத்த பதினோரு படங்களையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி, 'போடலாம்' ஃபோல்டருக்குள் தள்ளினாள்.

"எல்லாத்தையும் இப்பவே போடு."

"முந்தியையா? ஊர் மொத்தமும் பாக்குமே."

"பாக்கட்டும். அவ தறியில வாத்து நடக்கறதுக்குள்ள அது யாரு வூட்டு வாத்துன்னு ஆரணி பூரா தெரியணும்." கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோய், தெருவுக்கே கேட்கும்படி வாசகத்தைச் சொன்னாள்: "வாத்து முந்தி. அன்னம் இல்ல. நான் வரைஞ்சது."

பதினோரு படங்களையும் கையாலேயே ஏற்றினேன். முதல் லைக் யாருடையது என்று அவள் கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவள் அதற்குள் நெசவாளரைக் கூப்பிட்டு, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பின்னணியில் தறி அடிக்கும் சத்தம் கேட்டது.

"மூணும் போயிடுச்சாக்கா?"

"ஒண்ணு போயிருக்கு."

"அப்ப மாங்கா ஏத்திடறேன். நான்தான் அன்னிக்கே சொன்னனே, வாத்துன்னா..."

"யாரு வாங்கினாங்கன்னு கேளு."

யார் என்று கேட்டார். அத்தை சொன்னாள். தறிச் சத்தம் நின்றது.

"அந்தம்மாவா? பின்பக்கம் திருப்பிப் பாத்துச்சா?"

"ரெண்டு தரம்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"சரி, அட்ட அப்பிடியே கெடக்கட்டும்" என்றார் நெசவாளர். "இந்தப் பாவுக்கு இன்னா கலரு?"

"லைன்லயே இரு" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய், சாயம் போட்ட பட்டு நூல் மாதிரிகளை ஒரு கொத்தாக எடுத்து வந்தாள். கடைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்குப் போனாள். எதிர்க்கடைக்கு முதுகைக் காட்டி நின்று, புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறமாக வெயிலில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.